ஒன்பது மணிக்காரர்

கணினி விழித்தெழ ஏழரை நிமிடம்.
அதற்குள் அரிசி களைந்து குக்கரில் போட்டுவிடலாம்.
போட்டும்விடுகிறேன்.

கொம்தாரில் பழைய சாமான் விற்கும் டான்
நானூற்றைம்பது வெள்ளிக்குக் கொடுத்தபோது
எல்லாம் துடைத்தாயிற்று, அக்கா என்றான்.
துடைத்தது திரையை மட்டும் போல.

ஞாயிறு காலை ஷிப்ட் முடிந்து
பாயா தெருபோங் வீட்டில், சீருடைகூட மாற்றாமல்
அந்தப் பட்டியலைத் திறந்தேன்:
நான் பொத்தானை அழுத்தியதும்
எனக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்பவர்கள்.
பதினான்கு பேர்.

எங்களிடம் இல்லாத அச்சு இயந்திரத்துக்கு ஒருவர்.
யாரோ பாதியில் விட்ட சதுரங்கத்துக்கு ஒருவர்.
புதுப்பிக்கிறேன் புதுப்பிக்கிறேன் என்று மூன்று பேர்,
எதை என்று மூவருமே சொல்லவில்லை.
எழுத்தும் எண்ணும் கலந்து, கார் நம்பர் மாதிரி ஒருவர்.
கடைசியில் 'ஜே9'.
வெளியீட்டாளர் என்ற கட்டம் காலி.

எனக்குச் சோறு போடுவதே இந்த வேலைதான்.
பாயான் லெப்பாஸில் உருப்பெருக்கியில் கண் பதித்து
ஷிப்டுக்கு மூவாயிரம் சில்லு.
கம்பி கோணினால் சிவப்புத் தட்டு,
நேராக இருந்தால் நீலம்.
கோகிலவாணி கண்ணுக்குத் தப்பித் தூசிகூடப் போகாது என்பாள்
மேற்பார்வையாளர் ரொஸ்னா.
இங்கே யார் கோணல் என்று
எந்தக் கண்ணால் பார்ப்பது?

ஒவ்வொருவராக நிறுத்தினேன்.
முதல் நாள் ஒலிக்காரரையும் சேர்த்து நிறுத்திவிட்டு
மகன் திவ்யேஷிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.
அவரை மட்டும் திரும்ப உள்ளே விட்டேன்,
மன்னிப்பு கேட்காமல்.
திங்களன்று ஆறு பேர்.
செவ்வாய், ஜே9.
இரண்டே நிமிடத்தில் கணினி எழுந்துவிட்டது.
அரிசி களையாமல், பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

வியாழன் தலை கனத்தது.
வெள்ளி, கம்பெனி பஸ் படியில் கண் இருட்டியது.
கிளினிக்கில் டாக்டர் பிரஷர் பார்த்தார்,
கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.
மாத்திரை?
தினமும் போடுகிறேனே, டாக்டர்.
வீட்டுக்கு வந்து அட்டையை எண்ணினேன்.
மூன்று இரவுகள் கிழிபடாமல் இருந்தன.

அப்புறம்தான் நினைவு வந்தது.
எட்டு மாதமாக, இரவு ஒன்பதுக்கு, ஒரு 'டிங்'.
ஐஸ்பெட்டி என்றார் சற்குணன்.
மேல்வீட்டு அவன் என்றான் திவ்யேஷ்.
நான் ஒன்றும் சொன்னதில்லை.
டிங் என்றால் கை தானாக டப்பாவுக்குப் போகும்.
தண்ணீர் குடிப்பேன். கூந்தலை அவிழ்ப்பேன்.

ஜே9 கோப்பை நோட்பேடில் திறந்தேன்.
ஆறே வரி.
ஐந்து, கணினிக்குச் சொன்னது.
ஒன்று, மனிதருக்கு, மலாயில்:
உபாட் பாப்பா, ஜாம் 9.

பாப்பாவின் மருந்து.
தமிழில் படித்தால் குழந்தை,
அவர்கள் படித்தால் தகப்பன்.
எந்தப் பாப்பா, எந்த மருந்து,
இந்தக் கணினி ஏன் கொம்தாருக்கு விலைக்கு வந்தது?
டானிடம் கேட்கலாம்.
இரண்டு முறை எண்ணை அழுத்தி,
மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன்.

யாருக்கோ வைத்த மணியில்
என் ரத்தம் எட்டு மாதம் ஒழுங்காக ஓடியிருக்கிறது.
அதற்கு நான் வைத்த பெயர்,
தெரியாதவர்; தாக்கம், குறைவு.

ஜே9ஐ மறுபடி இயக்கிவிட்டேன்.
கணினிக்குப் பத்து விநாடி கூடுதலாகிறது.
திவ்யேஷ் கேட்டான், இது வைரஸ் இல்லையாம்மா?
இல்லை, உறவு மாதிரி ஒன்று என்று சொல்ல வாயெடுத்து,
ரொம்பவும் ஆகிவிடும் என்று
சாப்பிடு போ என்றேன்.

மணி எட்டு ஐம்பத்தெட்டு.
டம்ளரில் தண்ணீர் இருக்கிறது.
கார் நம்பர்காரர் இன்னும் எந்தத் தட்டிலும் இல்லை.
நாளை மதிய ஷிப்ட்,
காலையில் பார்க்கலாம் அவரை.